டைரக்டரியில் பெயர் சேர்த்தால் கூகுளில் மேலே வருமா?

புதிதாக வெப்சைட் தொடங்கிய யாருக்கும் சில வாரங்களிலேயே இப்படி ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வந்துவிடும்: "உங்கள் தளத்தை 500 டைரக்டரிகளில் சேர்த்துத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும்." டைரக்டரி என்றால் வெப்சைட்டுகளை வகைபிரித்து அடுக்கிய பட்டியல். கட்டணமும் பெரிதாக இருக்காது. ஜவுளிக்கடைக்காரர், பல் மருத்துவர், டியூஷன் சென்டர் நடத்துபவர் என்று யாரையும் விடுவதில்லை. கேட்பதற்கும் நியாயமாகத்தான் தோன்றும். நாலு இடத்தில் பெயர் இருந்தால் நல்லதுதானே?

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. ஏன் அப்படி இருந்தது, எதனால் இல்லாமல் போனது என்று தெரிந்துகொண்டால், இன்றைக்கு எந்தப் பட்டியலில் சேரலாம், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளத்தைப் படித்துப் பார்த்து, சரியில்லை என்றால் மறுத்துவிடும் டைரக்டரிக்கு மட்டும்தான் தேடல் வரிசையை மாற்றும் பலம் இருந்தது. கேட்டவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பட்டியலுக்கு அந்தப் பலம் ஒருநாளும் நிலைத்ததில்லை.

ஆட்கள் படித்துப் பார்த்துச் சேர்த்த காலம்

வெப் தொடங்கிய வருடங்களில் தேடுபொறிகளைவிடப் பட்டியல்கள்தான் முந்திக்கொண்டன. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய விர்ச்சுவல் லைப்ரரி இவற்றில் மூத்தது. 1994 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பயன்பட்ட தளங்களை வகைபிரித்துத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்புதான் யாஹூ ஆனது. இன்று யாஹூ என்றதும் பலருக்கு மின்னஞ்சல்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது ஒரு டைரக்டரி. ஒவ்வொரு தளத்தையும் திறந்து படித்து, எந்த வகையில் வைப்பது என்று முடிவு செய்வதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். வகைகளின் அமைப்பை உருவாக்கும் பொறுப்பு ஸ்ரீநிஜா ஸ்ரீனிவாசனிடம் இருந்தது.

விண்ணப்பங்கள் குவிந்தன, ஆட்கள் போதவில்லை. 1999-இல் யாஹூ, பிசினஸ் எக்ஸ்பிரஸ் என்ற சேவையைக் கொண்டுவந்தது. 199 டாலர் கட்டினால் ஏழு வேலை நாட்களுக்குள் தளத்தைப் பார்த்து முடிவு சொல்வார்கள். பின்னர் அது ஆண்டுக்கு 299 டாலர் என்று ஆனது. அந்தப் பணம் பரிசீலனைக்கு மட்டும்தான். சேர்த்துக்கொள்வோம் என்ற உத்தரவாதம் கிடையாது. தளம் சரியில்லை என்றால் மறுத்துவிடுவார்கள், பணமும் திரும்பி வராது. வணிகர்களுக்கு இது எரிச்சலைத் தந்திருக்கும். ஆனால் யாஹூ டைரக்டரியில் ஒரு வரி கிடைப்பதற்கு மரியாதை இருந்ததே இந்த விதியால்தான்.

இலவசப் பக்கத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1998 ஜூனில் ரிச் ஸ்க்ரெண்டா, பாப் ட்ரூயல் உள்ளிட்ட சிலர், தன்னார்வலர்களே நடத்தும் ஒரு டைரக்டரியைத் தொடங்கினார்கள். முதலில் க்னூஹூ என்று பெயர். க்னூ என்ற பெயரைப் பயன்படுத்துவதற்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்ததும் நியூஹூ ஆனது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் அதை வாங்கி ஓப்பன் டைரக்டரி என்று பெயர் மாற்றியது. நெட்ஸ்கேப், ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனத்தின் கைக்குப் போனபோது இதுவும் சேர்ந்து போனது. தொழிலில் இருந்தவர்கள் இதை அதன் முகவரியை வைத்து டிமாஸ் என்றே சொல்வார்கள். ஒரு துறையில் ஆர்வமும் பொறுமையும் உள்ள யாரும் விண்ணப்பித்து, அந்த ஒரு சிறு வகைக்கு ஆசிரியர் ஆகலாம். சம்பளம் இல்லை. தமிழுக்கும் அங்கே தனிப் பிரிவு இருந்தது.

டிமாஸில் தளத்தைச் சேர்க்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முகப்பில் இருந்து கீழிறங்கி, உங்கள் தளத்துக்குப் பொருத்தமான கடைசி வகை வரை நீங்களே போக வேண்டும். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்பவர் என்றால் வணிகம் என்ற மேல் வகையில் நின்று விண்ணப்பிக்கக் கூடாது. பொருளையோ ஊரையோ பிடித்துக்கொண்டு அடி மட்டத்துக்கு இறங்க வேண்டும். அங்கே விண்ணப்பப் படிவம் இருக்கும். தலைப்பில் நிறுவனத்தின் பெயர் மட்டும். விவரம் 25, 30 சொற்களுக்குள். "மிகச் சிறந்த", "நம்பர் ஒன்", "குறைந்த விலை" போன்றவை கூடவே கூடாது. எல்லாம் பெரிய எழுத்தில் எழுதக் கூடாது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. அனுப்பிய பிறகு காத்திருக்க வேண்டியதுதான். அந்த வகைக்கு ஆசிரியர் இருந்து, அவருக்கு நேரமும் இருந்தால் சில வாரங்களில் சேரும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பதிலே வராது. 2006 அக்டோபரில் சர்வர் பழுதாகி, டிசம்பர் வரை ஆசிரியர்களால் எதையும் திருத்த முடியாமல் கிடந்த காலமும் உண்டு.

குறைகளும் இருந்தன. ஒரு வகைக்கு ஆசிரியராக இருப்பவரே அந்தத் தொழிலைச் செய்பவராகவும் இருப்பார். போட்டியாளரின் விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார், பணம் கேட்டார் என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. இதற்கென்று முறையீட்டு வழியும் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அது வளர்ந்தது. 2017 மார்ச் 17 அன்று மூடப்பட்டபோது 38 லட்சத்துக்கும் அதிகமான தளங்கள், 10 லட்சத்துக்கும் அதிகமான வகைகள் அதில் இருந்தன. தொடக்கத்தில் இருந்து கணக்கிட்டால் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களாக வேலை பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கர்லீ என்ற பெயரில் அதே பட்டியலை இன்றும் தொடர்ந்து நடத்துகிறார்கள். கூலியே இல்லாமல் இவ்வளவு பேர் உட்கார்ந்து வெப்பைப் படித்து வகைப்படுத்தினார்கள் என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

கூகுள் ஏன் நம்பியது

1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த வெப் மாநாட்டில் கூகுளை உருவாக்கிய செர்கே பிரின்னும் லாரி பேஜும் தங்கள் தேடுபொறி பற்றி ஒரு கட்டுரை அளித்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன என்பதோடு, கொடுப்பது யார் என்பதையும் கணக்கில் எடுக்கும் பேஜ்ரேங்க் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குப் புதிதாகக் குடிவர வருபவரைப் பற்றி விசாரிக்கும்போது, தெருவில் போகிற பத்துப் பேர் சொல்வதைவிட அவரை முன்பு குடிவைத்த வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்குத்தானே எடை அதிகம்? அதே கணக்குதான்.

அந்தக் கட்டுரையிலேயே யாஹூவைத்தான் உதாரணம் காட்டியிருந்தார்கள். பல இடங்களில் இருந்து லிங்க் பெறும் பக்கம் பார்க்கத் தகுந்தது. யாஹூ முகப்பு போன்ற ஓர் இடத்தில் இருந்து ஒரே ஒரு லிங்க் பெற்ற பக்கமும் பொதுவாகப் பார்க்கத் தகுந்ததே, ஏனென்றால் தரமில்லாத பக்கத்துக்கோ செயல்படாத முகவரிக்கோ யாஹூ பெரும்பாலும் லிங்க் கொடுக்காது என்பது அவர்கள் வாதம். டைரக்டரிக்கும் தேடல் வரிசைக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த ஒரு வாதத்தில் அடங்கிவிடுகிறது. லிங்க் கொடுப்பவர் மறுக்கக் கூடியவராக இருந்தால்தான் அந்த லிங்க் எதையாவது தெரிவிக்கும்.

கணக்கையும் பார்த்துவிடலாம், சிரமமில்லை. ஒரு பக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு, அதிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். அந்தப் பங்கும் அப்படியே போகாது. அடிப்படைச் சூத்திரத்தில் 0.85-ஆல் பெருக்குவார்கள். ஒரு டைரக்டரிப் பக்கத்தில் 100 தளங்கள் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பக்கத்தின் மதிப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கத்துக்கே மதிப்பு அதிகம் என்றால் அந்தச் சிறு பங்கும் பலன் தரும். யாருமே லிங்க் கொடுக்காத, யாருமே படிக்காத டைரக்டரியின் ஏழாவது அடுக்கில் உள்ள பக்கம் என்றால் பங்கிடுவதற்கே அங்கே ஒன்றும் இருக்காது. "500 டைரக்டரி" என்ற விளம்பரத்தில் எண்ணிக்கை மட்டும் சொல்லப்படுவதும், அவை எப்படிப்பட்டவை என்று சொல்லப்படாததும் இதனால்தான்.

டிமாஸுக்கு இன்னொரு பலமும் இருந்தது. தன் மொத்தப் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கோப்பாகவே வெளியிட்டது. எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். ஆயிரக்கணக்கான தளங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. கூகுளே 2000-இல் அந்தப் பட்டியலை வைத்து கூகுள் டைரக்டரி என்று ஒன்றை நடத்தியது. அகர வரிசைக்குப் பதில் பேஜ்ரேங்க் வரிசையில் தளங்களை அடுக்கிக் காட்டியது. ஆக, டிமாஸில் ஒரு முறை இடம் கிடைத்தால் அது பல இடங்களில் பிரதி ஆகும். தேடல் முடிவில் தளத்தின் கீழ் வரும் சிறு விவரத்துக்குக்கூட டிமாஸ் ஆசிரியர் எழுதிய வரியை கூகுள் எடுத்துப் போடும். அந்த வரி பழசாகிப் போய்விட்டதே என்று தவித்தவர்களுக்காக, அதை எடுக்காதே என்று சொல்லும் தனிக் குறிச்சொல் ஒன்று 2006-இல் வந்தது. தன்னார்வலர் எழுதிய வரிக்கு அவ்வளவு செல்வாக்கு.

சந்தையாக மாறியது எப்படி

2000 டிசம்பரில் கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டது. பிரவுசரில் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் 0 முதல் 10 வரை பச்சைப் பட்டையாகத் தெரியும். கூகுளுக்குள் மட்டும் இருந்த மதிப்பெண் எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்ததும் அதற்கு விலை வைப்பது எளிதானது. மதிப்பெண் 6 உள்ள பக்கத்தில் லிங்க் இத்தனை டாலர், 4 உள்ளதில் இத்தனை என்று பேரம் நடந்தது.

அப்புறம் மென்பொருள் வந்தது. பிஎச்பி லிங்க் டைரக்டரி என்ற ஒன்றை சர்வரில் ஏற்றினால் ஒரே மாலைக்குள் உங்களிடம் ஒரு டைரக்டரி தயார். இணையத்தில் இருந்த நூற்றுக்கணக்கான டைரக்டரிகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்ததற்குக் காரணம் அதுதான். அதன் விண்ணப்பப் படிவத்தில் வழக்கமாக மூன்று தேர்வுகள் இருக்கும். பணம் கட்டினால் மேலே வைப்பார்கள். சாதாரண லிங்க் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, நீங்களும் உங்கள் தளத்தில் எங்களுக்கு லிங்க் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்ற பண்டமாற்று. இந்த மூன்றிலும் தளத்தைப் படித்துப் பார்ப்பது என்ற வேலையே இல்லை.

இந்தியாவில் இது ஒரு வேலைவாய்ப்பாகவே ஆனது. எஸ்.இ.ஓ., அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை செய்யும் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் வேலை, தளத்தை டைரக்டரிகளில் சேர்க்கும் டைரக்டரி சப்மிஷன்தான். கையில் ஒரு எக்செல் பட்டியல். முகவரி, தலைப்பு, விவரம், மின்னஞ்சல் என்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கேப்சா எழுத்துகளைத் தட்ட வேண்டும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைத் திறந்து சொடுக்க வேண்டும், எக்செலில் "பெண்டிங்" என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்கு அந்த எக்செல்தான் அறிக்கையாகப் போகும். அதில் எத்தனை உண்மையில் சேர்ந்தன, சேர்ந்த பக்கங்களில் எத்தனை கூகுளில் பதிவாகியிருக்கின்றன என்ற கணக்கு பெரும்பாலும் இருக்காது. உழைத்த பிள்ளைகள் மீது தவறில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள்.

பணத்துக்காக டைரக்டரி தன் இயல்பை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லுக்ஸ்மார்ட் நல்ல எடுத்துக்காட்டு. 1995-இல் ஆஸ்திரேலியர்கள் தொடங்கிய டைரக்டரி அது. மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். தேடலுக்கே பட்டியல் கொடுத்து வந்தது. ஒரு முறை பணம் கட்டிச் சேர்ந்தவர்களிடம் 2002-இல் இனி ஒவ்வொரு கிளிக்குக்கும் 15 சென்ட் என்று விதியை மாற்றியது. வணிகர்கள் கொதித்துப்போனார்கள். 2003 முடிவதற்குள் எம்.எஸ்.என். ஒப்பந்தத்தைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அதற்கப்புறம் லுக்ஸ்மார்ட் பழைய இடத்துக்கு வரவே இல்லை.

கூகுள் கையை எடுத்தது

கூகுள் ஒரே நாளில் டைரக்டரிகளைக் கைவிடவில்லை. 2007 அக்டோபரில் லிங்க் விற்ற பல தளங்களின் டூல்பார் மதிப்பெண்ணைக் குறைத்தது. பணம் வாங்கிச் சேர்க்கும் டைரக்டரிகள் சிலவும் அந்தச் சமயத்தில் அடிவாங்கின. அதுவரை தளம் நடத்துபவர்களுக்கான கூகுளின் வழிகாட்டுதலில், ஓப்பன் டைரக்டரி, யாஹூ போன்ற பொருத்தமான டைரக்டரிகளில் உங்கள் தளத்தைச் சேருங்கள் என்று ஒரு வரி இருந்தது. 2008 அக்டோபரில் அந்த வரி சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. இன்று டைரக்டரி சப்மிஷன் விற்பவர்கள் பலர், நீக்கப்பட்ட அந்த அறிவுரையைத்தான் வேறு சொற்களில் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய அடி 2012 ஏப்ரல் 24 அன்று விழுந்தது. பென்குவின் என்று பெயரிடப்பட்ட மாற்றம், செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. ஏறக்குறைய அதே காலத்தில் பல இலவச டைரக்டரிகள் கூகுள் தேடலில் இருந்தே காணாமல் போயின. காசு கொடுத்து லிங்க் போட்டவர்கள் இப்போது அதை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு டைரக்டரிக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. சில டைரக்டரிகள் லிங்க்கை எடுப்பதற்கும் கட்டணம் கேட்டன. சரி, எல்லாவற்றையும் துடைத்தாகிவிட்டது என்றாலும் உடனே மீள முடியவில்லை. அப்போது பென்குவின் எப்போதாவது ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். 2014 அக்டோபருக்குப் பிறகு அடுத்தது 2016 செப்டம்பரில்தான் வந்தது. வியாபாரத்தைத் தேடலை நம்பியே நடத்தியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தார்கள். முதல் பக்கத்துக்கு வரலாம் என்று சொல்லி விற்றவர்கள் யாரும் அந்த நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

2016-இல் நிலைமை மாறியது. பென்குவின் கூகுளின் அன்றாடக் கணக்கோடு சேர்ந்துவிட்டது. தளத்தைத் தண்டிப்பதைவிட, மோசமான லிங்க்குகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது என்ற போக்கு வந்தது. ஆகவே இன்று 500 டைரக்டரிகளில் சேர்ந்தால் பெரும்பாலும் தண்டனை வராது. பலனும் வராது. பணம் மட்டும் போகும். கூகுளின் ஸ்பேம் விதிகளில் தரமற்ற டைரக்டரி லிங்க்குகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பழைய சின்னங்களும் ஒவ்வொன்றாகப் போயின. கூகுள் டைரக்டரி 2011-இலும், யாஹூ டைரக்டரி 2014 கடைசியிலும், பச்சைப் பட்டை 2016-இலும் மறைந்தன.

பட்டையின் இடத்துக்கு இப்போது வேறு எண்கள் வந்திருக்கின்றன. "டி.ஏ. 50-க்கு மேல் உள்ள தளங்களில் மட்டும் சேர்ப்போம்" என்பார்கள். டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி) என்பது மாஸ் என்ற நிறுவனம் தன் வசதிக்குக் கணக்கிடும் எண். இதேபோல் ஏரெஃப்ஸ் நிறுவனத்துக்கு வேறொரு எண். இரண்டுமே கூகுளுடையவை அல்ல. ஒரு தளத்தைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

தமிழில் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், அப்புறம் தேன்கூடு, திரட்டி, தமிழிஷ் என்று வந்த, வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் எல்லாம் ஒருவகையில் டைரக்டரிகள்தான். திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்து யூனிகோடுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்த காலம். தமிழில் தேடினால் சரியாக எதுவும் கிடைக்காது. அப்போது வலைப்பதிவர்கள் திரட்டியில் பதிந்தது கூகுள் வரிசைக்காக இல்லை. அங்கே வாசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்காக. இடுகை போட்ட கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்து படித்தார்கள், பின்னூட்டம் போட்டார்கள், பிடித்தால் தங்கள் பதிவில் லிங்க் கொடுத்தார்கள். தேடலில் கிடைத்த பலன் அதன் பிறகு தானாக வந்தது.

இன்று எதில் சேரலாம்

உள்ளூர் வியாபாரம் செய்பவருக்குப் பட்டியல்கள் இன்றும் மிக அவசியம். ஆனால் காரணம் வேறு. "அண்ணா நகர் பல் மருத்துவர்" என்று தேடினால் மேலே வரைபடத்தோடு மூன்று பெயர்கள் வருகின்றன அல்லவா, அவை வெப்சைட்டில் இருந்து வருவதில்லை, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இருந்து வருகின்றன. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். இந்த வரிசைக்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவருக்கு எவ்வளவு அருகில், அந்த இடம் எவ்வளவு பேர்பெற்றது. பணம் கட்டி இதில் மேலே வர முடியாது என்றும் கூகுள் தெளிவாகவே சொல்கிறது. பதிவு செய்வது இலவசம். கடை உண்மையில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், இப்போது பலரிடம் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்த உறுதிப்படுத்தல்தான் முன்பு டைரக்டரி ஆசிரியர் செய்த வேலையின் இன்றைய வடிவம். பெயர் இருக்கும் இடத்தில் "சென்னையின் சிறந்த பல் மருத்துவமனை" என்று சேர்த்துப் போடுவது விதிமீறல். புகார் போனால் பதிவே முடக்கப்படலாம்.

பேர்பெற்றது என்பதைக் கணிக்க, வெப்பில் உங்களைப் பற்றி உள்ள மற்ற தகவல்களையும் கூகுள் பார்க்கிறது. இங்கேதான் மற்ற பட்டியல்கள் வருகின்றன. அவற்றில் லிங்க் இருப்பதைவிட, பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பது முக்கியம். சொல்ல எளிது, நம் ஊர் முகவரிகளில் செய்வது கஷ்டம். சென்னையில் கதவு எண்ணே இரண்டு: பழைய எண், புதிய எண். ஒரு பட்டியலில் "புதிய எண் 12, பழைய எண் 45" என்று இருக்கும். இன்னொன்றில் "12/45", மூன்றாவதில் வெறும் 45. தி. நகர், தியாகராய நகர், டி நகர் என்று பகுதிக்கு மூன்று எழுத்து. தெருவின் பெயர் ஆங்கிலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. போன் எண்ணில் ஓரிடத்தில் 044 சேர்த்த பழைய தரைவழி எண், இன்னோரிடத்தில் முன்பு வேலை பார்த்த மேனேஜரின் செல்போன். சின்னச் சின்ன எழுத்து வேறுபாடுகளைத் தேடுபொறிகள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கதவு எண்ணே மாறினால், போன் எண்ணும் வேறாக இருந்தால், இது ஒரே கடையா இரண்டு கடையா என்ற குழப்பம் வரும். வரைபடத்தில் ஒரே கிளினிக்குக்கு இரண்டு குறிகள், பாதி விமர்சனங்கள் ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று சிதறிக் கிடப்பதை நிறையப் பார்க்கலாம். புதிதாக 500 இடத்தில் சேர்வதைவிட, ஏற்கெனவே இருக்கும் பத்து இடத்தில் முகவரியைத் திருத்துவது எத்தனையோ மடங்கு பலன் தரும் வேலை.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் பிங் பிளேசஸ், ஆப்பிளின் வணிகப் பதிவு இரண்டும் இலவசம்தான், செய்துவிடலாம். அதற்கப்புறம் எதில் சேர்வது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. உங்கள் வாடிக்கையாளர் என்ன சொல்லித் தேடுவாரோ அதையே நீங்களும் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் எந்தப் பட்டியல் தளங்கள் வருகின்றனவோ அவைதான் உங்களுக்கான டைரக்டரிகள். கோயம்புத்தூர் கிரைண்டர் மொத்த விலை என்று தேடினால் இந்தியாமார்ட் போன்ற வணிகத் தளங்கள் வரக்கூடும். உள்ளூர்ச் சேவை என்றால் ஜஸ்ட்டயல் வரலாம். இரண்டுமே 1996-இல் தொடங்கியவை, ஜஸ்ட்டயல் போனில் விவரம் சொல்லும் சேவையாக ஆரம்பித்தது. மருத்துவர், வழக்கறிஞர், சுற்றுலா விடுதி என்றால் அந்தத் துறைக்கே உரிய தளங்கள் இருக்கும். உறுப்பினராக இருக்கும் தொழில் சங்கமோ வர்த்தக சபையோ தன் தளத்தில் உறுப்பினர் பட்டியல் போட்டிருந்தால் அதில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் யாரும் சும்மா சேர்ந்துவிட முடியாது என்பதாலேயே அதற்கு மதிப்பு உண்டு.

பெரிய பட்டியல் தளங்களில் சேரும்போது ஒன்றைப் புரிந்துகொண்டு சேர வேண்டும். அவற்றின் தொழில் உங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது அல்ல, விசாரணைகளைத் திரட்டி விற்பது. ஒரு வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்குப் போகலாம். விலையில் போட்டி போட வேண்டி வரும். அப்படிப்பட்ட தளங்கள் வணிகர்களுக்குக் கொடுக்கும் லிங்க்குகளில் பெரும்பாலும் நோஃபாலோ குறி இருக்கும், அதாவது தேடல் வரிசைக்கு அதை நம்ப வேண்டாம் என்ற குறி. ஆகவே கட்டும் சந்தாவை அங்கிருந்து வரும் போன் அழைப்புகளையும் முடிந்த வியாபாரத்தையும் வைத்து மட்டுமே எடைபோடுங்கள். எஸ்.இ.ஓ. செலவாகக் கணக்கு எழுதாதீர்கள். சில தொழில்களுக்கு அது நல்ல லாபம். சிலருக்கு வீண்.

பெயர் தெரியாத டைரக்டரி ஒன்றில் சேரச் சொன்னால், அதன் பெயரையே கூகுளில் தேடிப் பாருங்கள். அந்தத் தளமே முடிவுகளில் வரவில்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். வந்தால் உள்ளே போய், உங்கள் வகையில் ஏற்கெனவே உள்ளவர்களைப் பாருங்கள். பல் மருத்துவர் வகையில் ஆன்லைன் சூதாட்டமும் கடன் விளம்பரமும் கலந்து கிடந்தால் அங்கே யாரும் எதையும் படித்துப் பார்ப்பதில்லை என்று பொருள்.

ஏற்கெனவே காசு கொடுத்து நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. முதலில் தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, கைமுறை நடவடிக்கைகள் (கூகுள் ஆட்களே பார்த்து விதிக்கும் தண்டனைகள்) பகுதியில் ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முடிந்த லிங்க்குகளை எடுக்கச் சொல்லிவிட்டு, மீதியை, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்வதற்காக 2012-இல் கூகுள் கொண்டுவந்த டிஸ்அவோ கருவியில் பட்டியலிட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு எதுவும் இல்லை என்றால் அந்தக் கருவியைத் தொடாமல் இருப்பதே நல்லது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது, பிங் தன்னுடைய அதே போன்ற கருவியை 2023-இல் நீக்கியும் விட்டது. அவசரத்தில் நல்ல லிங்க்குகளையும் சேர்த்து மறுத்துவிட்டால்தான் உண்மையான நஷ்டம். லிங்க்கை எடுத்துத் தர பணம் கேட்டு வரும் டைரக்டரிக்காரருக்குப் பதில் போட வேண்டிய அவசியமும் இல்லை.